எட்டு கிலோமீட்டர் ஆறு

ஐயா, வணக்கம்.

ஆஸ்லோ கட்டுரையில் ஆக்கெர்செல்வா ஆற்றுக்கு நான்கு பத்தி ஒதுக்கியிருக்கிறீர்கள். அது மொத்தமே எட்டு கிலோமீட்டர் சொச்சம். 600 கிலோமீட்டர் ஓடும் குளொம்மாவுக்கு ஒரே வரி. எங்கள் ஊர் ஆறு நிதெல்வாவுக்கு அதுவும் இல்லை. இது தலைநகரப் பாசம்தானே?

ர., டிரொண்ட்ஹெய்ம்

அன்புள்ள ர.,

பாசம் கொஞ்சம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் இந்த ஆற்றை நீளத்தில் அளந்தால் ஏமாந்துபோவோம், இறக்கத்தில் அளக்கவேண்டும். ஆறு புறப்படும் மாரிதால் ஏரி கடல் மட்டத்துக்கு 149 மீட்டர் மேலே இருக்கிறது. அத்தனையையும் அந்த எட்டு கிலோமீட்டருக்குள் இறங்கித்தான் தண்ணீர் கடலுக்குப் போகவேண்டும். அதனால் வழியெல்லாம் அருவிகள். அருவி இருந்தால் ஆலைச் சக்கரம் செலவில்லாமல் சுற்றும். முதலில் மரம் அறுத்தார்கள், மாவு அரைத்தார்கள். அப்புறம் 1855இல் யூலா நெசவாலை, அடுத்த ஆண்டே பாய்மரத் துணி ஆலை. குளொம்மா மரக்கட்டைகளைச் சுமந்தது, பெரிய வேலைதான். ஆனால் நார்வேயின் ஆலைத் தொழில் வேர்பிடித்த இடங்களில் முக்கியமானது இந்தக் குட்டி ஆறு.

நெசவாலைகளில் பெரும்பாலும் பெண்கள், சின்னச் சின்னப் பெண்களும்கூட. பையர் பாலத்தில் அவர்களுக்குச் சிலை இருக்கிறது: நான்கு ஆலைப் பெண்கள். அங்கே நின்றபோது அருவி இரைச்சலில் கூட வந்தவர் சொன்னது எனக்குப் பாதிதான் காதில் விழுந்தது. தறிச் சத்தமும் சேர்ந்தால் அந்தப் பெண்கள் எப்படித்தான் பேசிக்கொண்டார்களோ! ஆற்றுக்குக் கிழக்கே தொழிலாளர் குடியிருப்பு, மேற்கே வசதியானவர்கள். ‘நீங்கள் கிழக்கா மேற்கா’ என்ற பேச்சு ஆஸ்லோவில் இன்னும் ஓயவில்லை.

சாயமும் சாக்கடையும் கலந்து ஆறு ஒரு காலத்தில் நாறிப்போனது. ஆலைகள் மூடி, தண்ணீர் தெளிந்து, சால்மன் திரும்பி வந்தது. 2011இல் குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து குளோரின் கசிந்து மீன்கள் கூட்டமாகச் செத்தன. அதையும் தாண்டி மறுபடி மீன் ஏறுகிறது. பாய்மரத் துணி ஆலையில் இப்போது கலைக் கல்லூரி நடக்கிறது. கரையிலிருந்த தானியக் குதிரில் மாணவர்கள் குடியிருக்கிறார்கள், வளைந்த சுவர்களுக்குள்.

இன்னொன்று. ஆஸ்லோவில் குழாயைத் திறந்தால் வருவது பெரும்பாலும் மாரிதால் ஏரித் தண்ணீர். அதனால் அந்த ஏரியில் யாரும் குளிக்கக் கூடாது.

சரி, நிதெல்வாவை விட்டது தப்புதான். கரையோரம் மரக்கால்களில் நிற்கும் அந்த வண்ணக் கிட்டங்கிகளைப் பற்றி நீங்களே எழுதி அனுப்புங்களேன், போடுகிறேன்.