மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் சிக்னல்

கேள்வி (கீழ்க்கோத்தகிரி வாசகி): எங்கள் ஹட்டியிலிருந்து (படுகர் ஊர்) கொஞ்சம் தள்ளி, தேயிலைக்கு நடுவே தனி வீடு. பெங்களூர் கம்பெனியில் இருக்கும் மகன் இனி இங்கிருந்தே வேலை பார்க்கிறேன் என்கிறான். போன் சிக்னல் மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் மேட்டில் நின்றால்தான் வரும். கேபிள் நெட் போட்டோம். குரங்கு தொங்கியும் கிளை விழுந்தும் மாதத்தில் பாதி நாள் இல்லை. மலேசியாவில் இருக்கும் கொழுந்தனார் ஸ்டார்லிங்க் சாட்டிலைட் நெட் டிஷ் வாங்கி வருகிறேன் என்கிறார். வாங்கி வரச் சொல்லலாமா, இல்லை இங்கேயே கிடைக்கும் சாட்டிலைட் இணைப்பு எதையாவது போடலாமா அண்ணா?

பதில்: கொழுந்தனாரை மைலோ வாங்கி வரச் சொல்லுங்கள், டிஷ் வேண்டாம். உரிமம் இல்லாத சாட்டிலைட் கருவியை இங்கே வைத்து இயக்குவது குற்றம். சாட்டிலைட் போனோடு வந்த வெளிநாட்டுப் பயணிகளே விமான நிலையத்தில் மாட்டியிருக்கிறார்கள். தப்பித் தவறி வீடு வந்து சேர்ந்தாலும், எந்த நாட்டின் மேல் சேவை கொடுப்பது என்பது கம்பெனியின் கையில்தான் இருக்கிறது. இந்தியாவின் மேல் சிக்னல் கற்றைகளை அணைத்து வைத்திருப்பதாக 2024 டிசம்பரில் அதன் முதலாளி எலான் மஸ்க்கே சொன்னார். 2025 ஜூனில் அவர்களுக்கு இங்கே உரிமம் கிடைத்தது, ஜூலையில் விண்வெளித் துறையின் அனுமதி அமைப்பான இன்-ஸ்பேஸின் அனுமதியும் வந்தது, சரி. ஆனால் அதற்குப் பிறகும் அலைக்கற்றை ஒதுக்கீடு, தரைநிலையம், பாதுகாப்புச் சோதனை என்று வரிசை நீளம். கம்பெனியின் சொந்தத் தளத்தில் உங்கள் பின்கோடைப் போட்டு, ஆர்டர் எடுக்கிறார்களா என்று பாருங்கள். எடுத்தால் இங்கேயே முறையாக வாங்கிக்கொள்ளலாம்.

இங்கே பல வருஷமாகக் கிடைப்பது ஹியூஸ் போன்ற கம்பெனிகள் தரும் விசாட் இணைப்பு, அதாவது வீட்டில் சின்ன டிஷ் வைத்து சாட்டிலைட் வழியாக வரும் நெட். அந்த சாட்டிலைட் சுமார் 35,786 கிலோமீட்டர் உயரத்தில், நம் தலைக்கு மேல் ஒரே இடத்தில் நிற்பது போல் இருக்கும். மகன் ஒரு வார்த்தை பேசினால் அது மேலே போய்க் கீழே வந்து, பதில் மறுபடி மேலே போய்க் கீழே வர வேண்டும். மொத்தம் ஒன்றரை லட்சம் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. ஒளியின் வேகத்தில் போனாலும் அரை நொடி ஆகிவிடும். மெயில், வாட்ஸ்அப், பேங்க் வேலைக்கு இது ஒன்றும் பெரிதில்லை. வீடியோ மீட்டிங்கில்தான் "நீங்க சொல்லுங்க", "இல்ல, நீங்க சொல்லுங்க" என்று இரண்டு பக்கமும் முட்டிக்கொள்ளும். கம்பெனி விபிஎன்னும் (ஆபீஸ் நெட்வொர்க்கோடு பாதுகாப்பாக இணையும் வழி) இழுத்தடிக்கும். ஸ்டார்லிங்க் பறப்பது சுமார் 550 கிலோமீட்டரில், அதனால் அந்தத் தொல்லை இல்லை. ஒன்வெப் என்ற இன்னொரு கம்பெனியின் சாட்டிலைட் 1,200 கிலோமீட்டர் உயரம், ஆனால் அது பெரும்பாலும் நிறுவனங்களுக்கும் அரசுக்கும் விற்கும் சேவை.

கம்பெனியை விட மரம்தான் நம் மலையில் பெரிய பிரச்சினை, இதை விளம்பரத்தில் யாரும் சொல்ல மாட்டார்கள். விசாட் டிஷ்ஷுக்கு வானத்தில் ஒரு சின்ன ஓட்டை போதும். உங்கள் வீட்டில் டிடிஎச் ஓடுகிறது என்றால் அநேகமாக அதுவும் ஓடும். ஸ்டார்லிங்க் மாதிரி தாழப் பறப்பவை நகர்ந்துகொண்டே இருப்பதால், விரித்த குடையைத் தலைகீழாகப் பிடித்த மாதிரி வானம் சுற்றிலும் திறந்திருக்க வேண்டும். ஒரு பக்கம் கற்பூர மரமோ சில்வர் ஓக்கோ மறைத்தால் அந்தப் பக்கம் சாட்டிலைட் வரும்போதெல்லாம் சில நொடி அறுந்து அறுந்து வரும், அதுவும் மகன் பேசும் நேரம் பார்த்து. மரத்தை வெட்டிவிடலாம் என்று நினைக்காதீர்கள். 1955-ம் வருஷத்து மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டப்படி பட்டா நிலத்து மரமானாலும் அனுமதி வாங்க வேண்டும். சில்வர் ஓக் கிளைகளை வழக்கம்போல் கழிப்பது வேறு விஷயம். கூரையில்தான் மாட்ட வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை, தோட்டத்தில் வெட்டவெளியாக இருக்கும் மேட்டில் கம்பம் நட்டு மாட்டலாம். ஸ்டார்லிங்க் ஆப்பில் போனை வானத்தை நோக்கிச் சுற்றிக் காட்டினால் எது மறைக்கிறது என்று சொல்லிவிடும். காசு கொடுக்கும் முன்பே செய்து பாருங்கள்.

நான் பட்டதையும் சொல்கிறேன். சில வருஷம் முன்பு ஒரு விசாட் இணைப்புக்கு ஒரு வருஷப் பணத்தை மொத்தமாகக் கட்டினேன். பிப்ரவரியில் பொருத்தினார்கள், பிரமாதமாக ஓடியது. ஜூனில் பக்கத்துச் சீகை மரம் தழைத்து, நனைந்த இலையோடு டிஷ் முன்னால் தொங்க ஆரம்பித்ததும் போச்சு. ஆள் கோயம்புத்தூரிலிருந்து மலை ஏறி வர பதினோரு நாள். அதனால்தான் சொல்கிறேன், மாதாமாதம் கட்டும் திட்டம் இருந்தால் அதையே எடுங்கள், முதல் மழைக்காலத்தைத் தாண்டும் வரையாவது.

கரண்டையும் கணக்கில் சேருங்கள். ஸ்டார்லிங்க்கின் சாதாரண டிஷ் 75 முதல் 100 வாட் வரை இழுக்கும். 150 ஏஎச் பேட்டரி இன்வெர்ட்டரில் வேறு எதையும் போடாமல் இருந்தால் பத்து மணி நேரம் போல் வரும். நவம்பரில் கோத்தகிரிப் பக்கம் கரண்ட் எவ்வளவு நேரம் போகும் என்று உங்களுக்கே தெரியும்.

இவ்வளவும் சொன்னாலும், உங்கள் கேள்வியில் எனக்குப் பிடித்தது மாட்டுக்கொட்டகைதான். அங்கே சிக்னல் இருக்கிறது என்கிறீர்களே, பிறகு எதற்கு விண்வெளி? வெளியில் மாட்டும் 4ஜி ரூட்டர் ஒன்றை அந்த மேட்டில் கம்பத்தில் மாட்டி, லேன் கேபிளில் வீட்டுக்கு இழுங்கள். 100 மீட்டர் வரை நன்றாக வரும், அந்தக் கேபிளிலேயே ரூட்டருக்குக் கரண்டும் போகும். முதலில் இரண்டு மூன்று கம்பெனி சிம்மைப் போனில் போட்டு, இரவு எட்டு மணிக்கு அந்த இடத்தில் வேகம் பாருங்கள். பகலில் பார்த்து ஏமாறாதீர்கள், எல்லோரும் வீட்டுக்கு வந்து போனை எடுக்கும் நேரத்தில்தான் டவரின் உண்மை தெரியும். வீடியோ மீட்டிங் தடங்கல் இல்லாமல் நடந்தால் அதோடு விடுங்கள். நடக்காவிட்டால் சாட்டிலைட் பக்கம் போகலாம்.

கேள்வி (மன்னவனூர் வாசகர்): ஸ்டார்லிங்க் டீலர் என்று ஒருவர் வந்தார். 5,000 ரூபாய் முன்பணம் கட்டினால் முதல் இணைப்பு எங்களுக்குத்தான் என்கிறார். நம்பலாமா?

பதில்: வேண்டாம். 2021-ல் அந்தக் கம்பெனியே இங்கே உரிமம் வாங்காமல் முன்பதிவு எடுத்தது, தொலைத்தொடர்புத் துறை கண்டித்த பிறகு பணத்தைத் திருப்பித் தந்தது. கம்பெனி என்பதால் திரும்பி வந்தது. உங்கள் வீட்டுக்கு வந்த மனிதரிடம் ரசீது கேட்டுப் பாருங்கள், அடுத்த முறை வர மாட்டார்.

கேள்வி (கூடலூர் வாசகர்): மழை வந்தால் டிடிஎச் நின்றுவிடுகிறது. சாட்டிலைட் நெட்டும் அப்படித்தானா? எங்கள் ஊரில் பனிமூட்டம் வேறு.

பதில்: பனிமூட்டத்துக்குப் பயப்பட வேண்டாம், அந்தத் துளிகள் மிகச் சிறியவை, அலையை அதிகம் பாதிக்காது. ஆனால் கனமழை நிறுத்தும், டிடிஎச் நிற்பது போலவே. ஸ்டார்லிங்க் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும், ஒரு சாட்டிலைட் போனால் இன்னொன்று வருவதால். இருந்தாலும் ஜூலை மாதக் கூடலூர், தேவாலா மழையில் தடையே இருக்காது என்று நான் எழுதித் தர மாட்டேன். ஒரு சிம்மில் நெட் பேக் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.