கேள்வி – பதில்: பத்திர அலுவலகத்துக்கு எந்த ஜெராக்ஸ் மெஷின்?

கேள்வி: பத்திர எழுத்தர் அலுவலகம் வைத்திருக்கிறேன். பிரிண்ட்டும் ஜெராக்ஸுமாக நாளுக்கு 150 பக்கம் ஓடும். இரண்டுக்கும் ஒரே மெஷினாக வாங்க வேண்டும். இங்க் டேங்க் போதும் என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா?
– வாசகர், திண்டிவனம்

பதில்: வேண்டாம். பக்கச் செலவு அதில் குறைவுதான். ஆனால் பல இங்க் டேங்க் மெஷின்களின் மை ஈரம் பட்டால் கரையும். பேரன் காலம் வரை பீரோவில் இருக்க வேண்டிய பத்திரத்தை அதில் அடிக்காதீர்கள். கறுப்பு வெள்ளை லேசர் வாங்குங்கள்.

வாங்கும்போது வேகத்தை விடுங்கள், முதலில் மூலத்தைக் கவிழ்த்து வைக்கும் கண்ணாடியை அளந்து பாருங்கள். லீகல் தாள் 14 அங்குல நீளம். ஏ4 கண்ணாடி 11.7 அங்குலம்தான். ‘லீகல் வரை’ என்று போட்டிருந்தாலும், பல மாடல்களில் அது மேலே தாள் இழுக்கும் ஏடிஎஃப்புக்கு மட்டும்தான் பொருந்தும். தைத்த மூலப்பத்திரத்தைப் பிரித்து ஏடிஎஃப்பில் விட முடியுமா? கூடவே கூடாது. ஏ4 கண்ணாடியில் வைத்தால் அடியில் 2 அங்குலத்துக்கு மேல் நகலில் விடுபட்டுப் போகும். கையெழுத்து இருப்பதே அங்கேதான். ஆகவே லீகல் கண்ணாடி உள்ள மெஷின், இல்லாவிட்டால் ஏ3 மெஷின்.

புது ஏ3 மெஷின் விலை கட்டுப்படியாகாவிட்டால் ரீகண்டிஷன் மெஷின், அதாவது பழசைச் சரிசெய்து விற்பது, பார்க்கலாம். மொத்தம் ஓடிய பக்கக் கணக்கை அச்சிட்டுக் காட்டச் சொல்லுங்கள். மூடியைத் திறந்து வைத்து, முழுக் கறுப்பாக ஒரு காப்பி எடுங்கள். சம இடைவெளியில் ஒரே புள்ளி திரும்பத் திரும்ப வந்தால் பெரும்பாலும் டிரம்மில், அதாவது எழுத்தைத் தாளுக்கு மாற்றும் உருளையில், கீறல் இருக்கும்.

முத்திரைத்தாளை அடித்தட்டில் வைக்காமல் பக்கவாட்டில் திறக்கும் பைபாஸ் தட்டு வழியே ஒவ்வொன்றாக விடுங்கள். இருபக்கமும் தானாக அடிக்கும் டூப்ளெக்ஸை நிறுத்தி, தாள் வகையில் ‘தடித்த தாள்’ என்று மாற்றுங்கள். மாற்றாவிட்டால், டோனர் என்ற மைத்தூளை உருக்கி ஒட்டும் பியூசரின் சூடு போதாமல் அது சரியாக ஒட்டாது; பத்திரத்தை மடிக்கும் இடத்தில் எழுத்து உதிரும்.

டோனர் 4,500 ரூபாய், 3,000 பக்கம் வரும் என்றால் பக்கத்துக்கு 1.50. டிரம் தனியாக 6,000 ரூபாய், 12,000 பக்கம் என்றால் இன்னும் 50 பைசா. டோனரின் பக்கக் கணக்கு, பரப்பில் ஏறக்குறைய 5 சதவீதம் மட்டும் மை விழும் தாளுக்கானது. நெருக்கி அடிக்கும் பத்திரத்துக்கு அத்தனை வராது. கணக்கில் கூட்டிப் போடுங்கள்.

கம்ப்யூட்டரின் 600 விஏ யூபிஎஸ்ஸில் இதைச் செருகவே வேண்டாம். பியூசர் சூடேறும்போது 1,000 வாட்டைத் தாண்டலாம். சுவரில் தனி 15 ஆம்பியர் பிளக் போடுங்கள்.

கேள்வி: ஏடிஎஃப்பில் விட்டால் நகலில் நெடுக ஒரு கறுப்புக் கோடு விழுகிறது. கண்ணாடியில் வைத்தால் விழவில்லை. டோனர் மாற்றியும் போகவில்லை.
– வாசகி, காரைக்குடி

பதில்: டோனரில் கோளாறு இல்லை. பெரிய கண்ணாடிக்குப் பக்கத்தில் விரல் அகலத்துக்கு ஒரு கண்ணாடிப் பட்டை இருக்கும். தாள் நகரும்போது மெஷின் படிப்பது அதன் வழியாகத்தான். ஒரு சொட்டு ஒயிட்னர் காய்ந்து ஒட்டியிருந்தாலும் தாள் முழுக்கக் கோடாக இழுக்கும். மெஷினை அணைத்து, ஸ்பிரிட் தொட்ட மெல்லிய துணியால் துடையுங்கள். பிளேடால் சுரண்டினால் கீறல் விழுந்து கோடு நிரந்தரமாகிவிடும்.