ஆச்சியின் படிக்கு எத்தனை கை உப்பு?

கேள்வி: எனக்குச் சொந்த ஊர் அம்பாசமுத்திரம் பக்கம். இப்போது கோயம்புத்தூரில் இருக்கிறேன். அம்மா வேலைக்குப் போனதால் என்னை வளர்த்தது அம்மா வழி ஆச்சிதான். போன ஆவணியில், 84 வயதில் தவறிவிட்டார். அவர் அலமாரியில் ஒரு பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் 'கூழ் வத்தல், படிக்கு ஒரு கை உப்பு' என்று எழுதியிருந்தது. இந்தச் சித்திரையில் அதைப் பார்த்து வத்தல் போட்டேன். வாயில் வைக்க முடியாத உப்பு. அழுதுவிட்டேன். பத்து வயது மகளுக்காக, ஆச்சி சொல்லித்தந்ததை எல்லாம் எழுதலாம் என்று உட்கார்ந்தால் இரண்டு மூன்று பழமொழிக்கு மேல் வரவில்லை. அவர் குரல் 40 விநாடி வாட்ஸ்அப் பதிவாக என் போனில் இருக்கிறது. அதைக் கேட்கவும் பயமாக இருக்கிறது. இவ்வளவு சீக்கிரம் மறந்துவிட்டேனா?
(ஒரு வாசகி, கோயம்புத்தூர்)

பதில்: முதலில் உப்பைப் பார்த்துவிடுவோம். உங்கள் கேள்விகளில் அதற்குத்தான் என்னால் நிச்சயமாகப் பதில் சொல்ல முடியும்.

எந்த உப்பைப் போட்டீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. பாக்கெட் தூள் உப்பாகத்தான் இருக்கும். உங்கள் ஆச்சி வயதுக்காரர்கள் 'உப்பு' என்று எழுதினால் அது ஜாடியில் கிடக்கும் கல்லுப்பு. கல்லுப்பை அள்ளினால் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே இடைவெளி நிறைய. தூள் உப்பு நெருக்கிக்கொண்டு உட்காரும். அதே ஒரு கைதான், எடை கூடிவிடும். அப்புறம், அது யாருடைய கை? 84 வயதில் போனவரின் கை உங்கள் கையைவிடச் சின்னதாகக்கூட இருந்திருக்கலாம்.

அடுத்தது படி. எட்டு ஆழாக்கு ஒரு படி என்பது எல்லாருக்கும் தெரிந்த கணக்கு. ஆனால் அந்தப் படி எவ்வளவு பெரிது என்பது ஊருக்கு ஊர் மாறியது. சின்னப்படி, பெரியபடி, பட்டணம்படி என்று சும்மாவா பெயர் வைத்தார்கள்? நம் நாட்டில் மெட்ரிக் அளவுகள் 1958 அக்டோபரில் நடைமுறைக்கு வரத் தொடங்கின. அப்போது உங்கள் ஆச்சிக்குப் பதினேழு வயது இருக்கும். கை பழகியபிறகு வந்த லிட்டரை அவர் பால்காரரிடம் மட்டும் வைத்துக்கொண்டிருப்பார். ஊரில் அவருடைய படியோ ஆழாக்கோ இன்னும் இருந்தால் வாங்கி வாருங்கள். சமையலறைத் தராசில் வைத்து, விளிம்புவரை தண்ணீர் ஊற்றி, தண்ணீரை மட்டும் எடை பாருங்கள். இத்தனை கிராம் என்றால் அத்தனை மில்லி. அரிசியைத் தலை தட்டி அளப்பாரா, கூம்பாக அளப்பாரா என்று அம்மாவிடம் கேளுங்கள். அதிலேயே ஒரு பிடி வித்தியாசம் வரும்.

இன்னொன்று தாளில் எழுதியிருக்காது. கூழில் உப்புச் சரியாக இருந்தால் வத்தலில் கூடிப்போகும். தண்ணீர் வெயிலோடு போய்விடும், உப்பு எங்கே போகும்? அதனால் கூழை ருசி பார்க்கும்போது 'இன்னும் கொஞ்சம் போடலாமே' என்று நாக்கு கேட்க வேண்டும். அந்த இடத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டும். நானும் உங்கள் பக்கத்துக்காரிதான். எங்கள் ஆச்சி ஈரக்கையால் கூழைத் தொட்டு, ஒட்டவில்லை என்றால் இறக்குவார். உப்பை மட்டும் மூக்கால் பார்ப்பார். விரத நாளில் சாமிக்குப் படைக்கும்முன் எதையும் ருசி பார்க்கக் கூடாது என்று சமைத்துப் பழகிய மூக்கு அது. நான் முப்பது வருடமாக முகர்ந்து பார்க்கிறேன், ஆவி அடித்துக் கண்ணாடி மங்குகிறதே தவிர உப்பு தெரிந்தபாடில்லை.

சரி, எழுதுவதற்கு வருகிறேன்.

பழமொழியை விட்டுவிடுங்கள். அது ஊர்ப்பொது, எல்லா ஆச்சியும் சொன்னதுதான். 'ஆச்சி எப்படிப்பட்டவர்?' என்று அம்மாவிடமோ சித்தியிடமோ கேட்காதீர்கள். 'தங்கமானவர்' என்று சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைப்பார்கள், அத்தோடு முடிந்தது. 1992 நவம்பரில் தாமிரபரணியில் வெள்ளம் வந்தபோது ஆச்சி எங்கே இருந்தார், எதை முதலில் எடுத்து மேலே வைத்தார் என்று கேளுங்கள். 1957இல் நயா பைசா வந்தபோது கடையில் கணக்கு எப்படிப் பார்த்தார்கள் என்று எதிர்வீட்டுப் பெரியவரிடம் கேளுங்கள். ஆச்சி யாரிடம் பேசாமல் இருந்தார், எத்தனை வருடம், எதனால்? அவருடைய எந்தப் பாத்திரத்தை வேறு யாரும் தொடக் கூடாது? இப்படிக் கேட்டால் ஆள் எழுந்து வந்து நிற்பார்.

அவர் சொன்ன சொற்களையும் அப்படியே எழுதுங்கள். கோவையில் வளரும் உங்கள் மகளுக்குக் கொத்தவரங்காய் தெரியும். ஆச்சிக்கு அது சீனியவரைக்காய். முறம் சுளவு. மொட்டைமாடி தட்டட்டி. திருத்த வேண்டாம்.

பாடம் என்று தனியாகத் தேடாதீர்கள். நான் எங்கள் ஆச்சியைப் பற்றி எழுத உட்கார்ந்தபோது எனக்கும் முதலில் நல்லதாகவே வந்தது. பிறகு புறவாசல் மாடத்தில் இருந்த ஒரு டம்ளர் ஞாபகம் வந்தது. கீரை கொண்டுவரும் அம்மாவுக்குக் காப்பி கொடுப்பதற்கென்று தனியாக வைத்த, ஓரம் நசுங்கிய அலுமினிய டம்ளர். ஏன் தனி என்று நான் சொல்ல வேண்டியதில்லை. என் அம்மா ஒருநாள் அதைப் பழைய பாத்திரக்காரரிடம் போட்டுவிட்டார். ஆச்சி இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. மூன்றாம் நாள் கீரைக்கார அம்மா வந்து படியில் உட்கார்ந்தார். ஆச்சி அடுக்களைக்குள் போனார். வெகுநேரம் வரவில்லை. கீரைக்கார அம்மாவும் கூடையைத் தூக்கவில்லை. பிறகு ஆச்சி எங்கள் டம்ளர் ஒன்றில் காப்பியோடு வந்து, கீழே வைக்காமல் கையில் கொடுத்தார். ஒரு வார்த்தை இல்லை. அப்போது ஆச்சிக்கு அறுபது தாண்டிவிட்டது.

அதை எழுதலாமா கூடாதா என்று ஒரு வாரம் யோசித்தேன். எழுதினேன். என் தம்பிக்குக் கோபம். என் மகள் படித்துவிட்டு அந்த ஒன்றைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறாள். உங்கள் ஆச்சியிடமும் இப்படி ஏதாவது இருந்தால் மறைக்காதீர்கள். உங்கள் மகளுக்குப் பத்து வயது. அவளுக்குப் புரியும்.

குரல் பதிவு: இப்போது கேட்க வேண்டாம். ஆனால் இன்றைக்கே பிரதி எடுத்துவிடுங்கள். போன் மாற்றும்போதும் தண்ணீரில் விழும்போதும் முதலில் காணாமல் போவது இந்த மாதிரிப் பதிவுகள்தான். ஒன்றைக் கணினியில் போட்டு வையுங்கள். இன்னொன்றை உங்கள் அம்மாவுக்கோ சித்திக்கோ அனுப்பி, 'நான் கேட்கும்போது திருப்பி அனுப்பு' என்று சொல்லிவிடுங்கள். கேட்கும் நாளில் தனியாக இருக்க வேண்டாம். அனேகமாக அதில் ஆச்சி 'சாப்பிட்டியா, போன் எடுக்க மாட்டேங்கியே' என்றுதான் சொல்லியிருப்பார். அழுகையோடு சிரிப்பும் வரும், பக்கத்தில் ஆள் வேண்டும்.

மறந்துவிட்டேனா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை அம்மா. எனக்கும் முதல் வருடம் ஆச்சியை நினைத்தால் கடைசியாகக் கட்டிலில் கிடந்த முகம் மட்டும்தான் வந்தது. அதற்கு முந்தைய எழுபது வருடத்தை அந்தக் கடைசிப் பத்து நாள் மறைத்துக்கொண்டிருந்தது. பிறகு ஒருநாள் பழைய வேட்டியில் வத்தல் பிழியும்போது, காக்கா விரட்டக் குடையோடு என்னை உட்கார வைத்ததும், ஓரத்தில் அரைக்காய்ச்சலாக இருந்ததை நான் பிய்த்துத் தின்றதும், ஆச்சி அந்தப் பக்கமே திரும்பாமல் இருந்ததும் தானாக வந்தன. உங்களுக்கு எப்போது வரும் என்று எனக்குச் சொல்லத் தெரியாது.

அந்த உப்பு வத்தலைக் கொட்டிவிட்டீர்களா, டப்பாவில் இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள். பழைய சோற்றில் உப்பே போடாமல் மோரைத் தாராளமாக விட்டுக் கரையுங்கள். வத்தலைப் பொரித்து, நொறுக்கி, மேலே தூவிச் சாப்பிடுங்கள். சின்ன வெங்காயமும் இருந்தால் நல்லது.