இலை உதிர்ந்த மரத்தில் என்ன பார்ப்பது?

பாலக்காட்டுக் கணவாயின் இரு பக்கத்து ஊர்களிலிருந்தும் மார்கழி, தை மரங்களைப் பற்றி வந்த கேள்விகள்.

கொழிஞ்சாம்பாறை: ஐயா, நம் பக்கம் பனி உறைவதில்லையே, பிறகு மரங்கள் ஏன் மொட்டையாகின்றன?

குளிருக்காக அல்ல, தண்ணீருக்காக. ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்ததும் கணவாய் வழியே கிழக்கிலிருந்து வறண்ட காற்று அடிக்கும். திருவாதிரைக் காற்று என்பார்களே, அதுதான். இலை இழக்கும் நீரை வேரால் ஈடுகட்ட முடியாதபோது காம்பின் அடியில் தக்கை போன்ற படலம் உண்டாகி இலை கழன்றுவிடும்.

சேத்துமடை: டாப்சிலிப் சாலையில் எல்லா மரமும் ஒரே குச்சிக்காடாகத்தான் தெரிகிறது.

பட்டையைப் பாருங்கள் தம்பி. வெண்தேக்கு வழவழவென்று வெளுத்திருக்கும், மெல்லிய ஏடாக உரியும். கருமருதில் முதலைத் தோல்போலக் கட்டம் கட்டமாக வெடிப்பு. தேக்கின் உச்சியில் காய்ந்த காய்க்கொத்து இன்னும் நிற்கும். காலை எட்டரைக்குள் பாருங்கள். பக்கவாட்டு வெயிலில்தான் வெடிப்பின் ஆழம் தெரியும். உச்சிவெயிலில் எல்லாம் தட்டையாகிவிடும். படம் எடுப்பதானால் வானத்தைப் பின்னணி ஆக்காதீர்கள், மரம் கறுத்துப்போகும். நிழல் விழுந்த மலைச்சரிவு பின்னால் வரும்படி நின்றால் வெள்ளைக் கிளைகள் ஒவ்வொன்றும் தனித்துத் தெரியும். இந்தப் பக்கத்தில் அதைவிட அழகான காட்சி கிடையாது என்பேன். சாலையிலிருந்தே பாருங்கள், காட்டுக்குள் இறங்க வேண்டாம்.

பொள்ளாச்சி: முள்ளிலவும் தோட்டத்துப் பஞ்சு மரமும் ஒன்றா?

இல்லை. இரண்டுக்கும் கிளைகள் அடுக்கடுக்காகக் கிடைமட்டமாக நீளும், அதனால்தான் குழப்பம். பஞ்சு மரத்தின் இளம்பட்டை பச்சை, பூ சிறியது, வெளிர் மஞ்சள். முள்ளிலவின் பட்டை சாம்பல் நிறம். மொட்டைக் கிளையில் உள்ளங்கை அளவு சிவப்புப் பூ. தையிலிருந்து பூக்கும்போது தேனுக்கு மைனாவும் கரிச்சானும் மொய்க்கும். முதிர்ந்த மரத்தின் அடியில் முள் தேய்ந்திருக்கும், மேலே தேடுங்கள்.

சித்தூர்: வேலி ஒதியன் மொட்டை. ஒரு கொத்து மட்டும் பச்சை. அழகுதான், விட்டுவிடலாமா அண்ணா?

அது புல்லுருவி அம்மா. மரத்தின் நீரை உறிஞ்சுகிறது. கையால் ஒடித்தால் உள்ளே இருக்கும் வேரிலிருந்து மறுபடி துளிர்க்கும். ஒட்டிய இடத்திலிருந்து அடிமரம் நோக்கி 30 செ.மீ. தள்ளிக் கிளையை வெட்டுங்கள், பழுக்கும் முன்பே. பழுத்தால் பூக்கொத்திக் குருவி விதையை அடுத்த கிளையில் ஒட்டிவிடும். மரம் பட்டுவிட்டதோ என்ற பயம் இருந்தால் சிறு கிளையை நகத்தால் சுரண்டுங்கள். உள்ளே பச்சை இருந்தால் உயிர் இருக்கிறது, கோடை மழைக்குத் துளிர்க்கும்.