திருகாணியைக் கழற்றிய நேரம்

வணக்கம் ஐயா,

தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து, பெங்களூரில் ஒரு தனியார் மருத்துவமனையின் இருதய வார்டில் மூன்று ஆண்டுகளாக ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். போன வாரம் நைட் டூட்டியில், காலையில் டிஸ்சார்ஜ் ஆக வேண்டிய ஒருவர், "நாளைக்கு வீட்டுக்குப் போய்த்தான் நல்ல காபி குடிக்கணும்" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் படுத்தவர், இரண்டு மணிக்கு நினைவிழந்தார். நாற்பது நிமிடம் மாறி மாறி நெஞ்சை அழுத்தி சிபிஆர் கொடுத்தும் பயனில்லை. ஆறு மணிக்கு அந்தக் கட்டிலில் வேறொருவர். "கடைசியாக ஏதாவது சொன்னாரா?" என்று இறந்தவரின் மனைவி கேட்டார்; பதில் சொல்லாமல் வந்துவிட்டேன். "நர்ஸ் அழக்கூடாது, பழகிவிடும்" என்கிறார் இன்சார்ஜ் சிஸ்டர். இப்போது தூங்கும் நோயாளிகளின் மூச்சைத் திரும்பத் திரும்பப் போய்ப் பார்க்கிறேன். நான் இந்த வேலைக்குத் தகுதியில்லாதவளா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

தகுதியைப் பற்றிய கேள்வியை முதலில் முடித்துவிடலாம். ஆட்களும் கருவிகளும் பக்கத்திலேயே இருக்கும் மருத்துவமனைக்குள் இதயம் நின்றவர்களிலும் பெரும்பாலோர் பிழைப்பதில்லை. வசதி மிகுந்த நாடுகளிலும் நிலைமை இதுதான். நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை நெஞ்சை அழுத்தக் கற்ற உங்களுக்கு இது தெரியாததல்ல.

உங்களை வாட்டுவது வேறு என்று நினைக்கிறேன். ஒரு சாவில் யாருக்கு என்ன பங்கு என்பதற்கு நம்மிடம் முறை இருக்கிறது: பங்காளிக்குத் தீட்டு உண்டு, தூரத்து உறவுக்குத் துக்கம் கேட்கும் நாள் உண்டு, பிணம் எடுக்கும்வரை எதிர்வீட்டில்கூட அடுப்பு எரியாது. கடைசி மூச்சின்போது உடனிருந்த நர்ஸுக்கு மட்டும் அந்த வரிசையில் இடமில்லை. ஊர் துக்கமென்றே ஒப்புக்கொள்ளாத இத்தகைய துக்கத்தை அமெரிக்க ஆய்வாளர் கென்னத் டோக்கா 1989இல் தனியே பெயரிட்டு விளக்கினார்.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் இதே ஊரில் ஒரு மருத்துவமனையில் என் அம்மா இப்படித்தான், யாரும் எதிர்பாராமல், ஒரு பிற்பகலில் போனார். நகைகளைக் கழற்றி, எண்ணி, எழுதிக் கையெழுத்து வாங்கி ஒப்படைப்பது அங்கே விதி. தோடு உடனே வந்துவிட்டது. மூக்குத்தியின் திருகாணி பல வருட அழுக்கில் இறுகிப் போயிருந்தது. வெட்டிவிடலாம் என்றார் ஒருவர். அந்தச் சிஸ்டர் அதைக் காதில் வாங்காமல், பஞ்சில் தேங்காய் எண்ணெய் தொட்டு, இடக்கை விரலால் அம்மாவின் மூக்கைத் தாங்கிக்கொண்டு, "கொஞ்சம் பொறுங்க அம்மா" என்று கன்னடத்தில் சொல்லிச் சொல்லிக் கால் மணி நேரம் திருகினார். எங்களுக்காகத்தான் அத்தனை பொறுமை என்று அன்று எண்ணினேன். உங்கள் கடிதத்தைப் படித்தபின், அவர் தனக்காகவும் எடுத்துக்கொண்ட நேரம் அது என்று படுகிறது.

ஊசியை எடுத்துப் பஞ்சு வைத்து ஒட்டுவதும், கண்களை மூடுவதும், உடலைத் துடைத்து வெள்ளைத் துணி சுற்றுவதும்தான் உங்கள் பங்குக்கு வந்த சடங்கு. அதை அவசரமாக முடிக்காதீர்கள். (போலீஸ் கேஸ் என்றால் குழாய்களைத் தொடக்கூடாது என்பது எனக்கு முன்பே உங்களுக்குத் தெரியும்.) விர்ஜீனியா பல்கலைக்கழக மருத்துவமனையின் ஜோனதன் பார்டெல்ஸ் என்ற நர்ஸ், உயிர்மீட்பு முயற்சி தோற்றதும் அறையிலிருக்கும் அனைவரையும் சற்று நேரம் அப்படியே மௌனமாக நிற்கச் சொல்லும் வழக்கத்தைத் தொடங்கினார், அது வேறு பல மருத்துவமனைகளுக்கும் பரவியிருக்கிறது. கட்டிலுக்கு ஆள் காத்திருக்கும் நம் மருத்துவமனைகளில் நிர்வாகம் இதை விதியாக்கும் என்று எனக்கு நம்பிக்கையில்லை. நைட் டூட்டியிலிருக்கும் மூன்று பேர் தாங்களாகவே அரை நிமிடம் நிற்பதற்கு யார் அனுமதியும் வேண்டாம்.

இன்சார்ஜ் சிஸ்டரைக் கல்நெஞ்சுக்காரர் என்று எண்ணாதீர்கள். அவருக்கும் அந்த வயதில் யாரோ இதையே சொல்லியிருப்பார்கள். ஆனாலும் "பழகிவிடும்" என்பதை நான் ஏற்கவில்லை. பழகுவது வேலைதான்.

மூச்சைத் திரும்பத் திரும்பப் பார்ப்பது பெரும்பாலும் சில வாரங்களில் தானாகத் தணியும். ஒரு மாதம் தாண்டியும் தூக்கமின்றி அந்த இரவே கண்முன் வந்துகொண்டிருந்தால், தயங்காமல் ஓசூர் சாலையிலுள்ள நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனைக்குப் போங்கள். 2022 அக்டோபரிலிருந்து இயங்கும் டெலி மானஸ் என்ற மனநலத் தொலைபேசிச் சேவையை 14416இல் எந்நேரமும் அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.

இறந்தவரின் மனைவி கேட்டதற்கு உங்களிடம் பதில் இருக்கிறது. வீட்டுக் காபியைப் பற்றி அவர் கணவர் சொன்னது உங்களைத் தவிர யாருக்கும் தெரியாது. கேஸ் ஷீட்டில் எண் இருக்கும், ஆனால் நீங்களாக எடுத்து அழைக்க வேண்டாம். ஏதாவது சான்றிதழுக்காக அவர்கள் மீண்டும் வரக்கூடும். வந்தால் உங்களைக் கூப்பிடும்படி இன்சார்ஜ் சிஸ்டரிடம் சொல்லி வையுங்கள்.