தெருவுக்குள் வந்தால் இரண்டாவது கியர்

முப்பத்தோர் ஆண்டுகள் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியின் காரில் இடப்பக்க இருக்கையில் உட்கார்ந்திருந்தவன் நான். பயிற்றுநருக்கென்று அந்தப் பக்கமும் ஒரு பிரேக் இருக்கும். ஓய்வு பெற்ற பிறகும் என் வலது கால் அதைத் தேடுகிறது. மகன் ஓட்டும்போது வெறும் தரையை மிதித்துக்கொண்டிருக்கிறேன். அந்த பிரேக்கை நான் அதிகம் மிதித்தது நெடுஞ்சாலையில் அல்ல, வீடுகள் இருக்கும் தெருக்களில்தான். இம்முறை வாசகர்களிடமிருந்து வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் தெருவைப் பற்றியே இருந்ததால் மற்றவற்றை அடுத்த தடவைக்கு ஒதுக்கிவிட்டேன்.

எங்கள் குடியிருப்பில் 30 கிலோமீட்டருக்கு மேல் போகக்கூடாது என்று பலகை வைத்திருக்கிறார்கள். இருபது வருடமாகக் கார் ஓட்டுகிறேன். 50-இல் போனாலும் சட்டென்று நிறுத்திவிடுவேன். இந்த 30 யாரோ மேசையில் உட்கார்ந்து போட்ட கணக்குதானே?
— வங்கி அலுவலர், கோயம்புத்தூர்

கணக்குதான் ஐயா. அதே கணக்கைத் தெருவில் சாக்கட்டியால் நீங்களும் போட்டுப் பாருங்கள்.

மணிக்கு 50 கிலோமீட்டர் என்றால் ஒரு விநாடிக்கு ஏறக்குறைய 14 மீட்டர். 30 என்றால் எட்டு மீட்டருக்குச் சற்று மேல். ஒரு பையன் பந்தைத் துரத்திக்கொண்டு நடுத்தெருவுக்கு வருகிறான். அதைக் கண் பார்த்து, மூளை உணர்ந்து, கால் ஆக்சிலரேட்டரை விட்டு பிரேக்குக்கு மாற ஒரு விநாடி ஆகும் என்று வைத்துக்கொள்வோம். இது உங்களுக்குத் தாராளமாகவே கொடுக்கும் சலுகை. பின்னிருக்கையில் யாராவது பேசிக்கொண்டிருந்தால் ஒன்றரை ஆகும். பிரேக் பிடித்த பிறகு, காய்ந்த தார்ச்சாலையில், நல்ல டயரோடு, 30-இல் வந்த கார் இன்னும் ஐந்து மீட்டர் ஓடி நிற்கும். 50-இல் வந்த கார் 14 மீட்டர் ஓடும். ஆக மொத்தம் ஒன்று 13 மீட்டரில் நிற்கிறது, மற்றொன்று 28 மீட்டரில்.

இப்போது அந்தப் பையனை 14 மீட்டர் தூரத்தில் நிறுத்துங்கள். 30-இல் வந்தவர் அவனுக்கு ஒரு மீட்டர் முன்னால் நின்று, கண்ணாடியை இறக்கி நான்கு திட்டு திட்டிவிட்டுப் போவார். 50-இல் வந்தவரின் கால் அப்போதுதான் பிரேக்கைத் தொட்டிருக்கும். நீங்கள் சொல்வது போலவே சட்டென்றுதான் நிறுத்துகிறீர்கள், பையனைத் தாண்டி.

வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் பிடித்தபின் ஓடும் தூரம் நான்கு மடங்காகும். மோதும் ஆற்றலின் கதையும் அதுதான். இருபது வருட அனுபவம் உங்கள் காலைக் கொஞ்சம் சுறுசுறுப்பாக்கியிருக்கலாம். ஒரு டன் இரும்புக்கு உங்கள் அனுபவம் தெரியாது.

இந்த 30 நம் ஊர்ச் சரக்கும் அல்ல. ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரம் 1992-லேயே முக்கியச் சாலைகள் தவிர ஊர் முழுவதற்கும் அதைக் கொண்டுவந்தது. 2020 பிப்ரவரியில் ஸ்டாக்ஹோமில் கூடிய உலக நாடுகளின் அமைச்சர்கள், நடப்பவர்களும் வண்டிகளும் கலந்து புழங்கும் இடங்களில் 30-தான் உச்சவரம்பாக இருக்கவேண்டும் என்று கேட்டுக்கொண்டார்கள்.

சென்னையில் தெருக்களுக்கு 30 என்கிறார்கள். மத்திய அரசு 70 வரை போகலாம் என்று அறிவித்ததாகவும் படித்தேன். எது சட்டம்?
— கல்லூரி மாணவர், தாம்பரம்

இரண்டும். 2018 ஏப்ரல் அறிவிக்கையில் நகராட்சி எல்லைக்குள் காருக்கு 70, இருசக்கர வண்டிக்கு 60 என்று மத்திய அரசு சொன்னது உச்சவரம்பு. அதற்குக் கீழே எவ்வளவு வேண்டுமானாலும் குறைத்துக்கொள்ள உள்ளூரில் அதிகாரம் உண்டு. அப்படித்தான் 2023 நவம்பரில் சென்னைப் போக்குவரத்துக் காவல்துறை காருக்கு 60, இருசக்கர வண்டிக்கு 50, ஆட்டோவுக்கு 40, குடியிருப்புப் பகுதிக்குள் எந்த வண்டியானாலும் 30 என்று நிர்ணயித்தது. மீறினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 183-ஆம் பிரிவு. கார் போன்ற இலகு ரக வண்டிக்கு 1,000 முதல் 2,000 ரூபாய் வரை அபராதம்.

ஆனால் 30 என்று எழுதியிருந்தால் 30-இல் போயே ஆகவேண்டும் என்று பொருள் இல்லை. இரு பக்கமும் கார்கள் நிற்கும் பன்னிரண்டடித் தெருவில் நான் 15-க்கு மேல் போகமாட்டேன். எவ்வளவு தூரம் கண்ணுக்குத் தெரிகிறதோ அதில் பாதிக்குள் நிற்க முடிகிற வேகம் எதுவோ, அதுதான் அந்தத் தெருவின் வேகம். மாணவர்களுக்கு நான் சொல்லிக் கொடுத்ததும் இதைத்தான்.

மார்கழி மாதம் விடியற்காலை ஐந்து மணிக்கு வாசலில் கோலம் போடுகிறேன். போன வருடம் ஒரு பைக் என் முந்தானையை உரசிக்கொண்டு போனது. “நடுத்தெருவில் உட்கார்ந்தால் இப்படித்தான்” என்று திரும்பிப் பார்த்துச் சொல்லிவிட்டும் போனான். தப்பு என் மேலா?
— இல்லத்தரசி, கும்பகோணம்

இல்லை அம்மா. நம் தெருக்களில் மோட்டார் வண்டி வருவதற்கு எத்தனையோ காலம் முன்பே கோலம் வந்துவிட்டது.

ஓட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நிற்கும் ஆள் ஐந்தடி உயரம். குந்தி உட்கார்ந்து புள்ளி வைக்கும் பெண்ணின் தலை தரையிலிருந்து மூன்றடிகூட இருக்காது. பனி, மங்கலான தெருவிளக்கு, தலையில் சுற்றிய கம்பளி, முதுகு உங்கள் பக்கம். இடையில் ஒரு கார் நின்றுவிட்டால் அதைத் தாண்டும் வரை அவர் உங்கள் கண்ணில் படவே மாட்டார். படும்போது இரண்டு மீட்டர்தான் மிச்சம். மார்கழி விடியலில் ஒவ்வொரு வாசலிலும் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார் என்றே எண்ணி ஓட்டுங்கள். பெரும்பாலும் அது உண்மையாகவும் இருக்கும்.

என் மனைவி கோலத்தின் மேல் ஏறிய டயர் தடத்தை வைத்தே ஆளை எடைபோடுவாள். மாவு இரு பக்கமும் சிதறிப் போயிருந்தால் பறந்திருக்கிறான். மாவு அழுந்தி, டயரின் வரிகள் அச்சாகப் பதிந்திருந்தால் தயங்கித் தயங்கிப் போயிருக்கிறான். சுற்றிக்கொண்டு போனவனுக்கு மட்டும் தடமே இல்லை.

உங்களுக்கும் ஒன்று சொல்கிறேன். தப்பு உங்கள் மேல் என்பதற்காக அல்ல, அடிபடுவது நீங்கள் என்பதற்காக. கோலத்துக்கு இரு பக்கமும் பத்தடி தள்ளி ஒரு பழைய பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்து வையுங்கள். சைக்கிள் கடையில் கிடைக்கும் ஒளிரும் பட்டையை அதன் மேல் சுற்றி ஒட்டிவிட்டால், வாளி தூரத்திலேயே பளிச்சென்று தெரியும். வாசல் விளக்கைப் போட்டுவிட்டு உட்காருங்கள். எப்போதும் தெருமுனையைப் பார்த்தபடியே கோலம் போட முடியாதுதான். நெளிக்கோலம் சுற்றச் சொல்லும்.

எங்கள் தெருவில் பள்ளி வேன்கள் பறக்கின்றன. மனு கொடுத்து அலுத்துப்போய் நாங்களே சிமெண்டில் வேகத்தடை போட்டுவிட்டோம். இப்போது ஒரு பெரியவர் அதில் விழுந்துவிட்டார். என்ன செய்வது?
— குடியிருப்போர் சங்கச் செயலாளர், திருச்சி

முதலில் அதை உடைத்து எடுங்கள், இன்றைக்கே. சாலை யாருடையதோ, மாநகராட்சியோ நெடுஞ்சாலைத் துறையோ, அவர்கள் அனுமதி இல்லாமல் யாரும் சாலையில் எதையும் கட்டக்கூடாது. யாராவது விழுந்தால் பொறுப்பு கட்டியவர் தலையில் விடியும்.

உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் நீங்கள் போட்டது எப்படி இருக்கும் என்று பார்க்காமலே சொல்லிவிடுவேன்: ஓரடி அகலம், அரையடி உயரம், பெயிண்ட் கிடையாது. நாட்டின் சாலைகளுக்குத் தர அளவுகளை வகுக்கும் அமைப்பான இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் சொல்லும் வழக்கமான அளவு 3.7 மீட்டர் அகலம், நடுவில் வெறும் 10 சென்டிமீட்டர் உயரம். அந்த நீண்ட முதுகின் மேல் 25-இல் போகிறவர் அலுங்காமல் ஏறி இறங்குவார். 50-இல் வருகிறவரைத்தான் அது தூக்கிப் போடும். ஒல்லியான மேட்டில் எல்லாம் தலைகீழ். வேகமாக வருகிற பெரிய வண்டியின் சஸ்பென்ஷன் அதை விழுங்கிவிடுகிறது. மெதுவாக வரும் மொபெட்டும் ஆட்டோவில் இருக்கும் கர்ப்பிணியும் உதை வாங்குகிறார்கள். யாரைத் தடுக்க நினைத்தீர்களோ அவரைத் தவிர மற்ற எல்லோரையும் தண்டித்திருக்கிறீர்கள்.

மனுவை மறுபடி எழுதுங்கள். “வேகத்தடை வேண்டும்” என்று மட்டும் எழுதாமல், பள்ளி வேன் வரும் நேரம், தெருவின் அகலம், எத்தனை குழந்தைகள் எங்கே சாலையைக் கடக்கிறார்கள் என்ற விவரங்களோடு மாநகராட்சிக்கும் போக்குவரத்துக் காவலுக்கும் சேர்த்துக் கொடுங்கள். கூடவே அந்தப் பள்ளிகளின் முதல்வர்களை நேரில் பாருங்கள். வேன் ஓட்டுநர்கள் அவர்கள் சொன்னால் கேட்பார்கள். நான் பார்த்தவரை மனுவைவிட இது வேகமாக வேலை செய்கிறது.

ஒவ்வொரு முனையிலும் ஹாரன் அடித்துவிட்டுத்தான் திரும்புகிறேன். அது போதாதா?
— ஓட்டுநர், ஈரோடு

போதாது. ஹாரன் உங்கள் வண்டியை நிறுத்தாது. மூன்று வயதுக் குழந்தைக்கும், காது கேளாத தாத்தாவுக்கும், தெருவில் படுத்திருக்கும் நாய்க்கும் அதன் பொருள் புரியாது. இரவு பத்து முதல் காலை ஆறு வரை குடியிருப்புப் பகுதியில் அவசரம் தவிர ஹாரன் அடிப்பதற்கே ஒலி மாசு விதிகளில் தடை இருக்கிறது.

உணவு கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை செய்கிறேன். நேரம் தாண்டினால் மதிப்பெண் குறைகிறது. மெதுவாகப் போ என்று சொல்வது எல்லோருக்கும் எளிது.
— இளைஞர், சென்னை

எளிதுதான் தம்பி, ஒத்துக்கொள்கிறேன். உங்களை விரட்டுகிறவர்கள் குளிர்சாதன அறையில் இருக்கிறார்கள். வசவு மட்டும் உங்களுக்கு வருகிறது. அதனால் அறிவுரை வேண்டாம், கணக்காகவே பார்ப்போம்.

பெரிய சாலையிலிருந்து வாடிக்கையாளர் வீடு வரை தெரு 300 மீட்டர் என்று வையுங்கள். 40-இல் போனால் 27 விநாடி, 20-இல் போனால் 54. நீங்கள் இழப்பது 27 விநாடி. பழைய எண் 14, புதிய எண் 31 என்று இரண்டு பலகை தொங்கும் சென்னைத் தெருவில் கதவைக் கண்டுபிடிக்க இதைப்போல் நான்கு மடங்கு நேரம் போகிறது. தெருவுக்குள் நுழையும் முன் முனையில் ஓரமாக நிறுத்தி, வாடிக்கையாளரை அழைத்து அடையாளம் கேட்டுக்கொள்ளுங்கள். உருட்டிக்கொண்டே கைபேசி வரைபடத்தைப் பார்ப்பதில்தான் நேரமும் போகிறது, ஆபத்தும் இருக்கிறது. மின்சார ஸ்கூட்டராக இருந்தால் இன்னும் கவனம்: நீங்கள் வருவது யாருக்கும் கேட்பதில்லை.

சாப்பாடு வாங்குகிறவர்களும் இதைப் படிப்பார்கள் என்று நம்புகிறேன். வீட்டு எண்ணோடு “வேப்பமரத்துக்கு எதிர்வீடு” என்று ஒரு வரி சேர்த்து எழுதினால் குறைந்தா போய்விடுவீர்கள்?

என் மகனுக்குப் பதினைந்து வயது. ஸ்கூட்டரில் எங்கள் தெருவுக்குள் மட்டும்தான் ஓட்டுகிறான், பெரிய சாலைக்குப் போவதில்லை. இதில் என்ன இருக்கிறது?
— தந்தை, மதுரை

உங்களுக்குச் சிறை இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்தில் வந்த 199ஏ பிரிவின்படி, சிறுவர் வண்டி ஓட்டிக் குற்றம் நேர்ந்தால் பெற்றோரோ உரிமையாளரோ மூன்றாண்டு வரை சிறைக்கும் 25,000 ரூபாய் அபராதத்துக்கும் ஆளாக நேரிடும். வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்தாகும். பையனுக்கு 25 வயது வரை உரிமம் கிடைக்காது. பதினாறு வயதில் உரிமம் உண்டே என்பீர்கள். அது 50 சிசிக்கு மேற்படாத, கியர் இல்லாத வண்டிக்கு. இன்று கடையில் நிற்கும் பெட்ரோல் ஸ்கூட்டர்கள் நூறு சிசிக்கு மேல்.

“தெருவுக்குள் மட்டும்” என்கிறீர்கள். அண்டை வீட்டுக் குழந்தைகள் இருப்பதும் அந்தத் தெருவுக்குள் மட்டும்தான்.

20-இல் போனால் கார் திணறுகிறது, மைலேஜும் குறைகிறது என்கிறார் என் கணவர்.
— ஆசிரியை, திருநெல்வேலி

மூன்றாவது கியரில் போகிறார். இரண்டாவதுக்கு மாற்றச் சொல்லுங்கள். விருட்டென்று கிளப்பி, அடுத்த முனையில் பிரேக் போடுவதில்தான் பெட்ரோல் வீணாகும்; சீராக உருளுவதில் அல்ல.

வீட்டு வாசலிலிருந்து காரைப் பின்னோக்கி எடுக்கும்போது பயமாக இருக்கிறது. பின்பக்க கேமரா பொருத்தினால் போதுமா?
— புதிதாகக் கார் வாங்கியவர், சேலம்

பொருத்துங்கள், ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள். மழைத்துளியும் தூசியும் படிந்த கேமராவில் குழந்தை ஒரு கறையாகத்தான் தெரியும். வீட்டுக்கு வரும்போதே பின்னோக்கி உள்ளே விட்டுவிடுங்கள். காலையில் முகம் தெருவைப் பார்த்தபடி வெளியே வரலாம். இடம் ஒத்துவராவிட்டால், சாவி போடும் முன் காரை ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். கதவைத் திறந்துவைத்து ஒருவரைத் தெருவில் நிற்கச் சொல்லுங்கள்.

நான் இதைச் சொல்லிக் கொடுத்த ஆள்தான். செய்த ஆள் அல்ல. ஒன்பது வருடங்களுக்கு முன் ஒரு ஞாயிறு காலை, மீன் வாங்கப் போகும் அவசரத்தில், பக்கத்து வீட்டுக்காரருக்கு வணக்கம் சொல்லிக்கொண்டே பின்னோக்கி எடுத்தேன். சக்கரத்துக்கு அடியில் ஏதோ நொறுங்கியது. இறங்கவே கால் வரவில்லை. குனிந்து பார்த்தேன்: மூன்று சக்கரச் சைக்கிள், பிளாஸ்டிக், கைப்பிடி தனியாகக் கிடந்தது. அதன் சொந்தக்காரி அவர்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, உதட்டில் பால் மீசையோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று மாலையே புதிது வாங்கிக் கொடுத்தேன். பழையது சிவப்பாம், இது நீலமாம். இன்று அவள் ஆறாம் வகுப்பு. இன்னும் அதைச் சொல்லிக் காட்டுகிறாள்.