பெட்டி கட்டும் முன் வந்த கேள்விகள்

நல்லூர்க் கோயில் கொடியேற்றம் நெருங்கினால் இந்த ஆயுர்வேதக் கேள்வி-பதில் பத்திக்கு வரும் கடிதங்களில் பாதி பயணக் கடிதமாகிவிடும். கொழும்பிலிருந்து ஊருக்குப் போகிறவர்கள், ரொறன்ரோவிலிருந்து வருகிறவர்கள், பிள்ளைகளோடு மலைநாடு பார்க்கப் புறப்படுகிறவர்கள். எல்லோருக்கும் முதலிலேயே ஒன்று: டொக்டர் எழுதித்தந்த பிறஷர், சீனி, இதயக் குளிசைகளை என் பதிலைப் படித்துவிட்டு நிறுத்தாதீர்கள். போன முறையும் இதைத்தான் எழுதினேன். அப்படியிருந்தும் இரண்டு பேர் நிறுத்திவிட்டு என் அறை வாசலில் வந்து நின்றார்கள்.

நுவரெலியா போகும் வழியெல்லாம் பிள்ளை சத்தி எடுக்கிறது. என்ன கொடுக்கலாம்? (கொட்டாஞ்சேனை வாசகர்)

பிள்ளை என்றால் எட்டு மாதமா, எட்டு வயதா? வயதை எழுதாமல் மருந்து கேட்டால் நான் என்ன செய்ய? சரி, எட்டு வயது என்று வைத்துக்கொள்கிறேன். வெறும் வயிற்றோடு ஏற்றாதீர்கள். பாலும் முட்டையப்பமுமாக வயிறு முட்டக் கொடுத்தும் ஏற்றாதீர்கள். புறப்பட ஒரு மணி நேரம் முன் இரண்டு இடியப்பமோ ஒரு துண்டு பாணோ போதும். சிறு துண்டு இஞ்சியை நசுக்கிப் பிழிந்து, சாற்றை ஐந்து நிமிடம் அசையாமல் வையுங்கள். அடியில் வெள்ளை மா படியும், அது வேண்டாம். மேலே நிற்கும் தெளிவில் அரைத் தேக்கரண்டியை ஒரு தேக்கரண்டி தேனில் குழைத்து, ஏறுவதற்கு அரை மணி நேரம் முன் நக்கக் கொடுங்கள். ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேன் அறவே கூடாது. அப்புறம், பிள்ளையை முன்பக்கம் இருத்தி வெளியே தூரத்தைப் பார்க்க விடுங்கள். கடுகண்ணாவை வளைவுகளில் கைபேசியில் கார்ட்டூன் பார்த்துக்கொண்டு வருகிற பிள்ளைக்கு எந்த இஞ்சியும் உதவாது.

லண்டனில் மகளிடம் போனால் முதல் மூன்று இரவும் தூக்கமில்லை. அசுவகந்தா கொண்டுபோகட்டுமா? (தெஹிவளை)

லண்டன் நேரம் நமக்குக் கோடையில் 4½ மணி, குளிர்காலத்தில் 5½ மணி பின்னால். உடம்புக்கு அது தெரியாது. பத்துப் பதினொரு மணி நேரம் வறண்ட காற்றில் உட்கார்ந்து போவதே வாதத்தைக் கிளப்பும்; அதற்கு மேல் போனவுடன் பகலில் நாலு மணி நேரம் படுத்துவிட்டு, இரவில் தூக்கம் வரவில்லை என்றால் எப்படி? இறங்கிய அன்று பகல் வெளிச்சத்தில் நடங்கள். சாப்பாட்டை அந்த ஊர் நேரத்துக்கு மாற்றுங்கள். இரவுக்குக் குழைந்த சோறும் ரசமும் போதும். மகள் ஆசையோடு சமைத்த ஆட்டிறைச்சிக் கறி அடுத்த நாள் மத்தியானம் வரை காத்திருக்கும். படுக்கும்முன் இளஞ்சூட்டு நல்லெண்ணெயை உச்சி, காது, உள்ளங்கால் மூன்றிலும் தடவுங்கள். உடம்பு முழுவதும் தேய்க்க நேரமில்லாவிட்டாலும் இந்த மூன்றையும் விடாதே என்றுதான் அஷ்டாங்க ஹிருதயம் என்ற பழைய ஆயுர்வேத நூல் சொல்கிறது. பாலில் சாதிக்காய் ஒரு சிட்டிகை போடலாம். ஒரு சிட்டிகை என்றுதான் எழுதினேன், கரண்டிக் கணக்கில் போனால் தலை சுற்றி நெஞ்சு படபடக்கும். அசுவகந்தாவை இதுவரை சாப்பிட்டதில்லை என்றால் இப்போது தொடங்க வேண்டாம். தைரொயிட் குளிசையோ தூக்கக் குளிசையோ எடுப்பவர் என்றால் கேட்காமல் தொடவே வேண்டாம். புது மருந்தைப் பயணத்தில் பரீட்சித்துப் பார்க்கக் கூடாது. இதை எத்தனையாவது தடவை எழுதுகிறேனோ.

சவூதியில் வேலை. தசமூலாரிஷ்டம் இரண்டு போத்தல் கொண்டுபோகலாமா? (வத்தளை)

வேண்டாம். அரிஷ்டமும் ஆசவமும் புளிக்கவைத்துச் செய்யும் திரவ மருந்துகள். நூற்றுக்கு ஐந்து முதல் பத்து வரை மதுசாரம் தானாகவே உண்டாகிவிடும். அந்த நாட்டில் அதை விளக்கிக்கொண்டு நிற்க முடியாது. அதே மூலிகைகள் சூரணமாகக் கிடைக்கும். சீல் உடையாத, பெயர் அச்சிட்ட பொதியாக வாங்கி, கூடவே வைத்தியரின் கடிதமும் வைத்துக்கொள்ளுங்கள். கடதாசியில் சுற்றிய பெயரில்லாப் பொடி எந்த விமான நிலையத்திலும் தொல்லைதான். டுபாய் போகிறவர்கள் கறிச்சரக்கோடு கசகசாவைக் கட்டிவிடாதீர்கள், அங்கே அது தடை.

மாதம் ஒருமுறை இரவு பஸ்ஸில் யாழ்ப்பாணம் போய் வருகிறேன். ஒவ்வொரு முறையும் வந்தபின் சலக்கடுப்பு. பார்லி குடித்தும் குறையவில்லை. உடம்புச் சூடுதானே காரணம்? (வெள்ளவத்தை வாசகி)

சூட்டின் மேல் பழியைப் போடாதீர்கள். நீங்கள் எழுதாமல் விட்டதை நான் எழுதுகிறேன். பஸ் ஒன்பது மணிக்கு என்றால், பின்னேரம் நாலு மணியோடு தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுகிறீர்கள். சரிதானே? என்னிடம் வரும் பெண்களிடம் வருடக்கணக்காக இதைக் கேட்கிறேன். கேட்டவுடன் ஒரு சிரிப்பு வரும். எனக்கு அந்தச் சிரிப்பே போதும்.

சுமார் 400 கிலோமீற்றர், ஏழெட்டு மணி நேரம். நடுவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் நிறுத்துவார்கள். கழிப்பறை கடைக்குப் பின்னால் இருக்கும். பல்ப் எரியாது, தரையெல்லாம் தண்ணீர், கதவில் கொளுக்கி இருக்காது. ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி கைபேசி வெளிச்சத்தைக் காட்டிக்கொண்டு வெளியே கதவை இழுத்துப் பிடித்திருக்க வேண்டும். முன்பின் தெரியாத பெண்களுக்காக நானும் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். ஒருமுறை வவுனியா தாண்டி நிறுத்தச் சொன்னதற்கு, "இனிச் சாவகச்சேரிதான் அக்கா" என்று சொல்லிவிட்டுக் கொண்டக்டர் தம்பி பாட்டுச் சத்தத்தைக் கூட்டினார். அதற்குக் கொஞ்ச நேரம் முன்புதான் ஆண்கள் இரண்டு பேருக்காக அதே பஸ் ஒரு மரத்தடியில் நின்றது. இந்த நிலையில் தண்ணீரைக் குறைப்பவளைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் உடம்பு நியாயம் பார்ப்பதில்லையே.

சரக சம்ஹிதை என்ற பழைய ஆயுர்வேத நூலில், சூத்திரஸ்தானம் என்ற பகுதியின் 7ஆம் அத்தியாயத்தில் இது இருக்கிறது. இயற்கையாக எழும் 13 வேகங்களை, அதாவது உடம்பின் உந்துதல்களை, அடக்காதே என்று தொடங்கி, முதலாவதாகச் சலத்தைத்தான் சொல்கிறது. அடக்கினால் அடிவயிறு நோகும், ஊதும், சலம் கடுத்துப் போகும், தலை வலிக்கும். உங்கள் கடிதமும் கிட்டத்தட்ட அதே வரிசையில்தான் இருக்கிறது. அடக்க வேண்டியவை என்று அங்கேயே வேறொரு பட்டியல் உண்டு: பேராசை, கோபம், பொறாமை. இரவு பஸ்ஸில் நாங்கள் தலைகீழாகச் செய்கிறோம். சலத்தை அடக்கிக்கொண்டு, கோபத்தைப் பக்கத்து சீட்டுக்காரர் மேல் விடுகிறோம்.

பெண்ணின் சலக்குழாய் ஏறத்தாழ 4 சென்ரிமீற்றர்தான். கிருமி ஏறுவதற்குத் தூரமில்லை. தண்ணீரும் குறைந்து, சலமும் தேங்கினால் அது அங்கேயே பெருகும். வந்தபின் குடிக்கும் பார்லி, வெள்ளம் வடிந்தபின் போடும் அணை மாதிரி.

இனிச் செய்ய வேண்டியது. அன்று பகல் முழுவதும் வழமைபோலத் தண்ணீர் குடியுங்கள், ஏறுவதற்கு ஒரு மணி நேரம் முன்வரை. கோப்பியும் தேத்தண்ணீரும் மட்டும் பின்னேரத்தோடு நிற்கட்டும். வீட்டை விட்டுக் கிளம்பும்போது ஒருமுறை, கடையில் நிறுத்தும்போது வந்தாலும் வராவிட்டாலும் ஒருமுறை போங்கள். சிறிய டோர்ச், கடதாசி, சவர்க்காரம் கைப்பையில் இருக்கட்டும். இறங்கியதும் இரண்டு கிளாஸ் தண்ணீர், அப்புறம் சிறுபீளை அவியல். கொழும்புக் கடைகளில் பொல்பலா என்று கேட்டால் தருவார்கள். சிறுநீரக வருத்தக்காரர் இந்த அவியலையும் செவ்விளநீரையும் தம் டொக்டரைக் கேட்காமல் குடிக்க வேண்டாம். இரவு ரயிலில் இடம் கிடைத்தால் அதில் போங்கள். அதன் கழிப்பறையும் மோசம்தான், ஆனால் இருக்கிறது.

காய்ச்சல், குளிர் நடுக்கம், முதுகுப் பக்கத்தில் நோ, சலத்தில் இரத்தம், இதில் ஒன்று வந்தாலும் பார்லியை மூடி வைத்துவிட்டு அன்றே டொக்டரிடம் போங்கள். கர்ப்பிணி என்றால் வெறும் கடுப்புக்கே போக வேண்டும். மாதாமாதம் வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள், சலமும் சீனியும் சோதித்தீர்களா என்று எழுதவில்லை. முதலில் அதைச் செய்யுங்கள். பயண நாளில் "சலம் போகும் குளிசை"யை மட்டும் விழுங்காமல் விடுகிற பிறஷர்காரரும் இதைப் படிப்பீர்கள் என்று நினைக்கிறேன். விடக் கூடாது. நேரத்தை மாற்றிப் போடலாமா என்று எழுதித்தந்தவரிடமே கேளுங்கள்.

ஊர் மாறினால் மூன்று நாளைக்கு வெளிக்குப் போகாது. திரிபலா நல்லதா? (பம்பலப்பிட்டி)

நல்லது. படுக்கும்போது இளஞ்சூட்டு நீரில் அரைத் தேக்கரண்டி போதும். கர்ப்பிணிகளுக்கு வேண்டாம். ஆனால் ஒரு கிழமை முன்பே வீட்டில் குடித்து, உங்கள் வயிறு அதற்கு என்ன சொல்கிறது என்று பாருங்கள். முதல்முதல் குடித்துவிட்டு மறுநாள் காலை யாழ்தேவி ரயிலில் ஏறிவிடாதீர்கள்.

ரொறன்ரோவிலிருந்து பத்து நாள் வருகிறோம். அதில் மூன்று நாளில் பஞ்சகர்மா முடிக்க நல்ல ஹோட்டல் சொல்லுங்கள்.

மூன்று நாளில் எண்ணெய் தேய்த்துக்கொள்ளலாம், நெற்றியில் எண்ணெய் ஒழுகவிடும் சிரோதாரையில் சுகமாகத் தூங்கலாம், பெந்தோட்டையிலோ பேருவளையிலோ கடலைப் பார்க்கலாம். அது பஞ்சகர்மா என்ற உடல் சுத்திகரிப்புச் சிகிச்சை இல்லை. நெய் குடித்து உடம்பைப் பதப்படுத்தவே மூன்று முதல் ஏழு நாள் ஆகும். பிறகு வேர்வை எடுக்க வேண்டும், பிறகுதான் கழிச்சல். அதற்குப் பின் கஞ்சியில் தொடங்கிப் படிப்படியாகச் சோற்றுக்கு வர இன்னும் சில நாள். நடுவில் கல்யாண வீட்டுச் சாப்பாடும் சாப்பிட்டால் உள்ளதும் கெடும். வைத்தியர் ஆயுர்வேத மருத்துவ சபையில் பதிவு பெற்றவரா என்று கேளுங்கள். கேட்டால் கோபிக்கிற இடத்தில் உடம்பைக் கொடுக்காதீர்கள்.

ஆபிரிக்காவுக்கு வேலையாகப் போகிறேன். மலேரியாவுக்கு நிலவேம்புக் கசாயம் போதுமா?

போதாது. இலங்கையில் மலேரியா இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2016இல் சான்று தந்ததிலிருந்து அந்தப் பயமே எங்களுக்கு விட்டுப்போயிற்று. நாரஹேன்பிட்டியில் மலேரியா தடை இயக்கத்திடம் போய், எந்த நாடு என்று சொல்லித் தடுப்புக் குளிசை வாங்குங்கள். திரும்பி வந்தபின் காய்ச்சல் வந்தால் ஆபிரிக்கா போன கதையை டொக்டரிடம் முதலில் சொல்லுங்கள். அதுபோக, உங்கள் கடைக்காரர் தந்தது எந்த நிலவேம்பு? இங்கே பிங்கொஹொம்ப என்று விற்பதும், தமிழ்நாட்டில் கசாயத்துக்குப் போடுவதும் வேறு வேறு செடி.

விமானத்தில் வந்தபின் இடது கால் மட்டும் வீக்கம், கெண்டையில் நோ. என்ன எண்ணெய் போட்டு உருவலாம்? (மருதானை)

எந்த எண்ணெயும் போடாதீர்கள், உருவவே கூடாது. இரத்தம் உறைந்திருக்கலாம். இந்தப் பத்தியை வைத்துவிட்டு இப்போதே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இரண்டு காலும் ஒரேயளவில் லேசாக வீங்கி இரவில் வடிந்தால் அது வேறு கதை, அதற்கு நடையும் காலை உயர்த்திப் படுப்பதும் போதும்.

வழிக்கடைச் சாப்பாட்டால் வயிற்றோட்டம் வந்தால்?

முதலில் ஜீவனி (உப்பும் சீனியும் சேர்ந்த கரைசல் தூள்), பைக்கற்றில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில். கூடவே நெற்பொரிக் கஞ்சி, உப்புப் போட்டு. மாதுளந்தோல், ஓமம் எல்லாம் அதற்குப் பிறகு. இரத்தம் போனாலோ காய்ச்சல் வந்தாலோ காத்திருக்க வேண்டாம்.

இரவில் தயிர் கூடாது என்கிறீர்கள். விமானத்தில் தயிர் தந்தால்? (வெள்ளவத்தை, வயது 71)

வயதை எழுதிய ஒரே ஆள் நீங்கள்தான், நன்றி. உங்கள் வயிறு இன்னும் கொழும்பு நேரத்தில்தான் இருக்கும். கைக்கடிகாரத்தை மாற்றுவதற்கு முன் ஒருமுறை பாருங்கள், இங்கே இரவென்றால் கிண்ணத்தைப் பக்கத்து சீட்டுக்குக் கொடுத்துவிடுங்கள்.